மரக்கறியும் மனமும்

(வெள்ளவத்தையில் பொதுமக்கள் முன் ஆற்றிய சொற்பொழிவின் எழுத்து வடிவம்)



வேலை முடிந்து, காலி வீதி நெரிசலைத் தாண்டி இவ்வளவு பேர் வந்து அமர்ந்திருக்கிறீர்கள். கொட்டாஞ்சேனையிலிருந்து இரண்டு பஸ் மாறி வந்தவர்களும் இருக்கிறீர்கள் என்று அமைப்பாளர்கள் சொன்னார்கள். உங்கள் நேரத்தின் அருமை எனக்குத் தெரியும். ஆகவே சொல்ல வந்ததை முதலிலேயே சொல்லிவிடுகிறேன்.

பல நிற மரக்கறிகளை நாள்தோறும் போதிய அளவு உண்பவர்களிடம் மன அழுத்தம் ஓரளவு குறைவாகக் காணப்படுகிறது. உற்சாகம் ஓரளவு கூடுதலாக இருக்கிறது. இதற்கு நம்பத்தக்க சான்றுகள் உண்டு. அவை எதுவரை செல்லும், எங்கே நின்றுவிடும் என்பதையும் இன்று சொல்வேன். ஆனால் அதோடு நிறுத்திக்கொள்ள மாட்டேன். மரக்கறி நல்லது என்பதை இந்த மண்டபத்தில் அறியாதவர் யார்? அறிந்தும் அது ஏன் நம் தட்டில் குறைந்துபோனது? நேரம் ஒரு காரணம், விலை ஒரு காரணம். கீரையை ஆய்ந்து, கழுவி, அரிந்து, ஆக்குகிற வேலை முழுவதும் ஒருவர் தலையிலேயே விழுவது மூன்றாவது காரணம். இந்த மூன்றாவதைப் பேசாமல் மரக்கறியின் பெருமையை மட்டும் பேசினால், ஏற்கெனவே களைத்திருக்கும் ஒரு தாய்க்கு இன்னொரு கடமையைச் சுமத்திய பாவம்தான் மிஞ்சும்.

ஆய்வுகள் சொல்வது என்ன?

மேற்கு அவுஸ்திரேலியாவிலுள்ள எடித் கோவன் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் 2021இல் ஓர் ஆய்வை வெளியிட்டார்கள். 25 வயது முதல் 91 வயது வரையான 8,600க்கும் மேற்பட்ட அவுஸ்திரேலியர்களின் உணவையும் மன அழுத்தத்தையும் அவர்கள் ஒப்பிட்டுப் பார்த்தார்கள். நாளொன்றுக்கு மரக்கறியும் பழமுமாக 470 கிராமாவது உண்டவர்களுடைய அழுத்த அளவு, 230 கிராமுக்குக் குறைவாக உண்டவர்களுடையதைவிட 10 சதவீதம் குறைவாக இருந்தது. வேலை, கடன், பிள்ளைகளின் படிப்பு, பெற்றோரின் நோய் என்று எல்லாம் ஒன்றாக நெருக்கும் நடுவயதினரிடம் இந்தத் தொடர்பு தெளிவாகத் தெரிந்தது.

இந்த ஆய்வின் எல்லையையும் சொல்லவேண்டும். உணவைப் பற்றியும் மனத்தைப் பற்றியும் ஒரே காலத்தில் கேட்டு ஒப்பிட்ட ஆய்வு இது. மரக்கறி உண்டதால் அழுத்தம் குறைந்ததா, அழுத்தம் குறைந்தவர்களுக்கு மரக்கறி சமைக்க மனம் வந்ததா என்று இதனால் பிரித்துச் சொல்ல முடியாது. இரண்டும் நடக்கும் என்பது நம் அனுபவம். மனம் உடைந்திருக்கும் நாளில் யார் கீரை ஆய்வார்கள்? அன்று பாணும் பருப்பும்தான், அல்லது கடைக் கொத்து ரொட்டிதான்.

ஆகவே ஒரே ஆட்களைச் சில ஆண்டுகள் தொடர்ந்து பார்த்த ஆய்வுகளுக்குப் போவோம். 12,000க்கும் மேற்பட்ட அவுஸ்திரேலியர்களைத் தொடர்ந்து கவனித்த ஓர் ஆய்வு 2016இல் வெளிவந்தது. பழமும் மரக்கறியும் உண்பதைக் கூட்டிக்கொண்டவர்களுக்கு வாழ்க்கையில் நிறைவும் மகிழ்ச்சியும் இரண்டு ஆண்டுகளுக்குள் கூடியிருந்தன. மாரடைப்பைத் தடுக்கிற நன்மை கண்ணுக்குத் தெரியப் பல பத்தாண்டுகள் ஆகும். மனத்துக்கு வருகிற நன்மை அவ்வளவு காலம் காக்கவைப்பதில்லை.

மூன்றாவது ஆய்வுதான் எனக்கு மிக முக்கியமானது. நியூசிலாந்தின் ஒட்டாகோ பல்கலைக்கழகத்தில் நடந்து 2017இல் வெளிவந்தது. மரக்கறியும் பழமும் குறைவாக உண்கிற 171 இளைஞர்களை, 18 முதல் 25 வயது வரையானவர்களை, மூன்று பிரிவாகப் பிரித்தார்கள். முதற் பிரிவினருக்கு வழக்கமான உணவு. இரண்டாம் பிரிவினருக்குக் கைத்தொலைபேசியில் நினைவூட்டல் செய்திகளும் வாங்குவதற்கான பற்றுச்சீட்டும். மூன்றாம் பிரிவினருக்கு நாளுக்கு இரண்டு பங்கு பழமும் மரக்கறியும் கையிலேயே கொடுத்தார்கள். பதினான்கு நாள் முடிவில் மூன்றாம் பிரிவினரிடம் மட்டுமே உற்சாகமும் வாழ்வில் பிடிப்பும் ஊக்கமும் கூடியிருந்தன. நினைவூட்டல் பெற்றவர்களும் கொஞ்சம் கூடுதலாக உண்டார்கள். ஆனால் மனநிலையில் அந்த மாற்றம் இல்லை. மனச்சோர்வின் அறிகுறிகளோ பதற்றமோ எந்தப் பிரிவிலும் குறையவில்லை என்பதையும் மறைக்காமல் சொல்கிறேன். இரண்டு வாரம் அதற்குப் போதாது போலும். ஆனால் புத்திமதியால் வராத மாற்றம், கையில் உணவு வந்தபோது வந்தது. இதை மனத்தில் வைத்திருங்கள். மீண்டும் இதற்கு வருவேன்.

நோய் என்று சொல்லுமளவுக்கு மனச்சோர்வு உள்ளவர்களிடமும் ஒரு சோதனை நடந்திருக்கிறது. அவுஸ்திரேலியாவின் டீக்கின் பல்கலைக்கழகப் பேராசிரியர் ஃபெலிஸ் ஜாக்காவும் அவருடைய குழுவினரும் 2017இல் அதை வெளியிட்டார்கள். மிதமானது முதல் கடுமையானது வரை மனச்சோர்வு நோயுள்ள 67 பேர், 12 வாரம். ஒரு பாதியினர் உணவு வல்லுநரைச் சந்தித்துத் தங்கள் உணவைத் திருத்தினார்கள்: மரக்கறி, பழம், முழுத்தானியம், பருப்பு, மீன், ஒலிவ் எண்ணெய் எல்லாம் கூடின, இனிப்பும் பொரித்ததும் குறைந்தன. மறு பாதியினரோடு ஒருவர் அதே நேரம் இருந்து அன்பாகப் பேசிக்கொண்டிருந்தார். முடிவில் உணவைத் திருத்தியவர்களில் 32 சதவீதத்தினரும், பேச்சுத்துணை பெற்றவர்களில் 8 சதவீதத்தினரும் நோய் நீங்கிய நிலைக்கு வந்தார்கள். பலர் ஏற்கெனவே எடுத்துவந்த சிகிச்சையைத் தொடர்ந்தபடியே இதில் பங்கெடுத்தார்கள். சிறிய ஆய்வுதான், மரக்கறியை மட்டும் தனியே சோதித்ததும் இல்லை. ஆனாலும் உணவு முழுவதும் திருந்தினால் மனம் தேற வழியுண்டு என்பதற்கு இது வலுவான சான்று.

உடலுக்குள் என்ன நடக்கிறது?

நம் உடல் எடையில் மூளை 2 சதவீதம்தான். ஆனால் உடல் செலவிடும் சக்தியில் ஏறக்குறைய ஐந்தில் ஒரு பங்கை அது எடுத்துக்கொள்கிறது. இத்தனை வேலை செய்கிற உறுப்புக்கு வெறும் சோறு மட்டும் போதாது.

முதலில் ஃபோலேட். இது பி வகை உயிர்ச்சத்து. பச்சை இலைகளிலும் பயறு பருப்பிலும் நிறைய உண்டு. இதைக் கண்டறிந்த கதை நம் பக்கத்து மண்ணில் தொடங்கியது. 1920களின் இறுதியில் பம்பாய்க்கு வந்த ஆங்கிலேய மருத்துவர் லூசி வில்ஸ், அங்கே ஆலைத் தொழிலாளர் குடும்பங்களில் கர்ப்பிணிகளை வாட்டிய இரத்தசோகையை ஆராய்ந்தார். இங்கே நம் வீடுகளிலும் போத்தலோடு இருக்கும் அதே மார்மைட் அவர்களைத் தேற்றுவதைக் கண்டார். அதிலிருந்த சத்தைப் பிறகு 1941இல் அமெரிக்க ஆய்வாளர்கள் கீரை இலையிலிருந்து பிரித்தெடுத்தார்கள். மூளையில் மனநிலையைச் சீராக்கும் இரசாயனங்கள் உருவாக ஃபோலேட் தேவை. இரத்தத்தில் அது குறைந்தவர்களிடம் மனச்சோர்வு கூடுதலாகக் காணப்படுகிறது.

அடுத்தது அழற்சி. மனச்சோர்வு உள்ளவர்களில் ஒரு பகுதியினரின் இரத்தத்தில் அழற்சியின் அடையாளங்கள் உயர்ந்திருக்கின்றன. மரக்கறிகளுக்கு நிறம் கொடுக்கும் பொருள்கள் பலவும் அழற்சியைத் தணிக்கும் இயல்புள்ளவை.

மூன்றாவது குடல். நாம் செரிக்க முடியாத நாரைக் குடலிலுள்ள நுண்ணுயிர்கள் உண்டு, நமக்கு உதவும் சிறு அமிலங்களைத் தருகின்றன. குடலுக்கும் மூளைக்கும் நரம்பு வழியாகவும் இரத்த வழியாகவும் ஓயாத தொடர்பு உண்டு. செரட்டோனின் என்பது மனநிலையோடு தொடர்புள்ள ஓர் இரசாயனம். 'உடலின் செரட்டோனினில் பெரும்பகுதி குடலில் உண்டாகிறது, ஆகவே கீரை தின்றால் மகிழ்ச்சி வரும்' என்று சிலர் எழுதுகிறார்கள். முதற் பாதி உண்மை. ஆனால் குடலில் உண்டாகும் செரட்டோனின் மூளைக்குள் புகாது. மூளை தனக்கு வேண்டியதைத் தானே ஆக்கிக்கொள்கிறது. குடல் மூளைக்கு உதவும் வழிகள் வேறு.

நான்காவது, இரும்பு. இரும்பு குறைந்து இரத்தசோகை வந்த பெண் எதற்கெடுத்தாலும் களைக்கிறாள், எரிச்சல்படுகிறாள், அழுகிறாள். வீட்டார் அதைக் குணம் என்று நினைக்கிறார்கள். கீரையிலுள்ள இரும்பை உடல் எளிதில் உறிஞ்சாது. தேசிக்காய்ப்புளி சேர்த்தால் கூடுதலாக உறிஞ்சும். உண்டவுடன் பிளேன்ரீ குடித்தால் தேயிலை அதைத் தடுக்கும். தேயிலை விளைகிற நாட்டில் இருக்கிறோம். குடிக்கவேண்டாம் என்று சொல்லவில்லை. உண்டு ஒரு மணித்தியாலம் கழித்துக் குடியுங்கள்.

ஐந்தாவது நீரிழிவு. நம் நாட்டில் வளர்ந்தோரில் ஐந்தில் ஒருவருக்காவது அது இருக்கிறது. நீரிழிவு உள்ளவர்களுக்கு மனச்சோர்வு வரும் வாய்ப்பு மற்றவர்களைவிட ஏறக்குறைய இரட்டிப்பு. தட்டில் சோற்றைக் குறைத்து மரக்கறியைக் கூட்டினால் இரத்தச் சீனி மெதுவாக ஏறும். அது உடலுக்கும் நல்லது, மனத்துக்கும் நல்லது.

நிறங்கள் நம் சமையலில் ஏற்கெனவே உண்டு

'பல நிறம்' என்று ஏன் சொல்கிறோம்? நிறத்துக்கே மந்திர சக்தி எதுவுமில்லை. ஒவ்வொரு நிறமும் வெவ்வேறு சத்துகளோடு வருகிறது. நிறங்களைக் கலந்து உண்டால் எந்தச் சத்தும் பெரிதாக விடுபட்டுப் போகாது. படிக்காத பாட்டியும் சின்னப் பிள்ளையும் கண்ணாலேயே கணக்கிடலாம் என்பது இதன் பெரிய வசதி.

பச்சைக்கு நமக்குப் பஞ்சமில்லை. வல்லாரை, பொன்னாங்காணி, முருங்கையிலை, பசளி, கங்குன், அகத்தி, தூதுவளை, முசுட்டை, சண்டியிலை என்று அடுக்கிக்கொண்டே போகலாம். செம்மஞ்சளுக்குப் பூசணிக்காய், கரட், பப்பாசிப்பழம், வத்தாளங்கிழங்கு. சிவப்புக்குத் தக்காளி, அதை எண்ணெயோடு சமைக்கும்போது அதன் நிறப்பொருளை உடல் இன்னும் நன்றாக எடுத்துக்கொள்ளும். பீட்ரூட்டிலுள்ள நைத்திரேற்று இரத்தக் குழாய்களைத் தளர்த்தி இரத்த ஓட்டத்துக்கு உதவுகிறது. ஊதாவுக்குத் தோலோடு சமைத்த கத்தரிக்காய், வாழைப்பொத்தி, சிவத்த சின்னவெங்காயம், யாழ்ப்பாணத்து இராசவள்ளிக்கிழங்கு. வெள்ளை என்று ஒதுக்கிவிடாதீர்கள்; உள்ளியும் வெங்காயமும் குடல் நுண்ணுயிர்களுக்கு நல்ல உணவு.

நம் சமையல் முறையும் இவற்றுக்குப் பொருந்தியே அமைந்திருக்கிறது. கீரையை நுண்ணியதாக அரிந்து, வெங்காயம், பச்சைமிளகாய், மஞ்சள், தேங்காய்ப்பூ சேர்த்துச் சில நிமிடத்தில் இறக்கும் வறையை எண்ணிப்பாருங்கள். ஃபோலேட் வெப்பத்தில் அழியும், நீரில் கரைந்துபோகும். வறையில் நீரும் இல்லை, நீண்ட கொதியும் இல்லை. செம்மஞ்சள் நிறச் சத்துகளை உறிஞ்சக் கொழுப்பு வேண்டும். தேங்காய் அதைத் தருகிறது. வல்லாரைச் சம்பலில் பச்சை இலை, தேங்காய்ப்பூ, தேசிக்காய்ப்புளி மூன்றும் சேர்கின்றன. கொட்டாஞ்சேனையில் மலையகத்துக் குடும்பம் ஆக்கும் பருப்புக்கீரையும், பக்கத்துச் சிங்கள வீட்டு மல்லுமும் கொலக்கந்தையும் இதே அறிவின் வேறு வடிவங்கள். நாம் வெளியிலிருந்து எதையும் இறக்குமதி செய்யவேண்டியதில்லை. ஒலிவ் எண்ணெய் வாங்க முடியவில்லையே என்று ஒருவரும் கவலைப்படவேண்டாம்.

வல்லாரையைப் பற்றி ஒரு சொல். அது நினைவாற்றலுக்கும் மன அமைதிக்கும் நல்லது என்று நம் மருத்துவ மரபு நெடுங்காலமாகச் சொல்லிவருகிறது. 2000ஆம் ஆண்டு வெளியான ஒரு சிறு ஆய்வில், நலமாயிருந்த 40 பேரில் ஒரு பகுதியினருக்கு ஒரே வேளையில் 12 கிராம் வல்லாரை கொடுத்தபோது, திடீர்ச் சத்தத்துக்குத் திடுக்கிடும் அளவு அவர்களிடம் குறைந்தது. மரபு சொன்னதில் ஆராயத்தக்க பொருள் இருக்கிறது என்பதற்கு அது அடையாளம். ஒரு கரண்டிச் சம்பல் பதற்ற நோய்க்கு மருந்தாகிவிடும் என்பதற்கு அது சான்றாகாது.

எவ்வளவு உண்பது? உலக சுகாதார நிறுவனம் மரக்கறியும் பழமும் சேர்த்து நாளுக்குக் குறைந்தது 400 கிராம் என்கிறது. நம் சுகாதார அமைச்சின் உணவு வழிகாட்டி அதையே நம் தட்டுக்கு ஏற்பச் சொல்கிறது: இரண்டு மரக்கறி, ஒரு கீரை, இரண்டு பழம். சமைத்த கறி அரைக் கோப்பை ஒரு பங்கு. அப்படியானால் ஐந்து பங்கு; கணக்கு சரியாக வந்துவிடும். ஆனால் 2015இல் நாடு முழுவதும் எடுத்த கணக்கெடுப்பில் வளர்ந்தோரில் பத்தில் ஏழு பேருக்கு மேல் இந்த ஐந்து பங்கை எட்டவில்லை. நல்ல காலத்திலேயே நிலைமை அதுதான்.

பிறகு வந்தது கெட்ட காலம்

2021இல் இரசாயன உர இறக்குமதி திடீரென்று தடைசெய்யப்பட்டு விளைச்சல் விழுந்தது. 2022இல் பொருளாதாரமே விழுந்தது. அந்த ஆண்டு செப்ரெம்பரில் கொழும்பின் உணவுப் பணவீக்கம் 94.9 சதவீதத்தை எட்டியது. ஓராண்டுக்கு முன் 100 ரூபாவுக்கு வாங்கிய உணவுக்கு ஏறக்குறைய 195 ரூபா. வீட்டுத்தோட்டம் செய்யட்டும் என்று அரச ஊழியர்களுக்கு வெள்ளிக்கிழமை விடுமுறை கொடுத்த காலம் அது. ஒழுங்கைக்குள் ஒட்டிக்கொண்டு நிற்கும் தொடர்மாடியில் மூன்றாம் மாடியில் இருப்பவர் எங்கே தோட்டம் செய்வார்? பின்பு விலை தணிந்தது. ஆனாலும் 2024 ஜனவரியில் கரட் கிலோ 2,000 ரூபாவைத் தொட்டதை நீங்கள் மறந்திருக்க மாட்டீர்கள்.

இங்கேதான் நிறக் கணக்கு கைகொடுக்கிறது. கரட்டின் நிறம் வேண்டும். கரட்டேதான் வேண்டும் என்றில்லை. பூசணிக்காயும் பப்பாசிப்பழமும் அதே செம்மஞ்சள் சத்தைத் தரும். நுவரெலியாவில் மழை கொட்டினால் கரட், லீக்ஸ், கோவா விலை ஏறும். அப்போது தாழ்நிலத்து மரக்கறிக்குத் திரும்புங்கள். தம்புள்ளையிலிருந்து பேலியகொடை மெனிங் சந்தைக்கு வந்து, அங்கிருந்து நம் கடைகளுக்கு வரும் பூசணி, கத்தரி, பயற்றங்காய், வெண்டிக்காய் ஆகியவற்றில் அன்று எது மலிவோ அதை வாங்குங்கள். கீரைக்கட்டு பெரும்பாலும் எல்லாவற்றிலும் மலிவு. பலகணியில் இரண்டு சாடிக்கு இடமிருந்தால் பொன்னாங்காணித் தண்டை ஊன்றுங்கள்; பசளிக் கொடியைக் கம்பியில் படரவிடுங்கள். கடற்பக்கத்து வீடுகளில் உப்புக்காற்று நேரே படாத மூலை பாருங்கள்.

வேலை யாருக்கு?

விலைக்கு ஓரளவு வழி உண்டு. வேலைக்கு?

நம்மிடையே மரக்கறி குறைவாகக் கிடைப்பவர்கள் யார் என்று எண்ணிப்பாருங்கள். பிள்ளைகள் கனடாவிலோ லண்டனிலோ இருக்க, வெள்ளவத்தைத் தொடர்மாடியில் தனியே இருக்கும் தாய் தந்தையர். ஒருவருக்காக அடுப்பு மூட்ட மனமில்லாமல் பாணோடு முடித்துவிடுகிறார்கள். யாழ்ப்பாணத்திலிருந்தும் மட்டக்களப்பிலிருந்தும் மலையகத்திலிருந்தும் படிக்கவும் வேலைக்கும் வந்து அறையெடுத்துத் தங்கியிருக்கும் இளையோர். சமைக்க அனுமதி இல்லாத அறைகள். சோற்றுப் பார்சலும் ரோல்ஸும் கொத்துமாகக் காலம் போகிறது. கொட்டாஞ்சேனையில் ஒற்றை அடுப்போடு நெருக்கமான வீடுகளில் ஐந்தாறு பேராக வாழும் குடும்பங்கள். புறக்கோட்டைக் கடைகளில் நாள்முழுக்க நின்று வேலை செய்துவிட்டு இரவு வீடு திரும்பும் பெண்கள். அவர்கள் சந்தைக்கு வரும் நேரத்தில் கீரை வாடிப்போயிருக்கும். மன அழுத்தம் மிகுந்தவர்கள் யாரோ, அவர்களுக்குத்தான் மரக்கறி எட்டாமல் இருக்கிறது. இதுதான் என்னை உறுத்துகிறது.

இவர்களிடம் போய் 'பல நிறமாகச் சாப்பிடுங்கள்' என்று சொல்வது, நியூசிலாந்தில் இரண்டாம் பிரிவினருக்கு அனுப்பிய நினைவூட்டல் செய்திக்குச் சமம். கையில் கொடுக்கவேண்டும். அதற்கு நாம் செய்யக்கூடியவை சிலவற்றைச் சொல்கிறேன்.

வீட்டில், கீரை ஆய்வதை எல்லோருடைய வேலையாக்குங்கள். தந்தையும் ஆண்பிள்ளைகளும் இதில் சேரவேண்டும். தொலைக்காட்சி பார்க்கும் நேரத்தில் நான்கு பேர் அமர்ந்தால் மூன்று கட்டுக் கீரை பதினைந்து நிமிடத்தில் முடியும். கழுவி, நீரை நன்றாக வடித்து, துணியிலோ கடதாசியிலோ சுற்றிக் குளிர்சாதனப் பெட்டியில் வைத்தால் இரண்டு மூன்று நாளைக்கு உதவும். சமைக்கிறவருடைய அழுத்தத்தைக் கூட்டி மற்றவர்களுடைய அழுத்தத்தைக் குறைக்க நமக்கு உரிமை இல்லை.

தொடர்மாடியில், இரண்டு வீடு பங்கு போடலாம். ஒரு வீட்டில் கீரை வறை கூடுதலாக, மறு வீட்டில் பூசணிப் பால்கறி கூடுதலாக. கதவைத் தட்டி ஒரு கிண்ணம் கொடுத்து ஒரு கிண்ணம் வாங்கினால் ஒரே உழைப்பில் இரண்டு நிறம். தனியே இருக்கும் முதியவரின் கதவையும் தட்டுங்கள். கறியோடு பேச்சுத்துணையும் போய்ச்சேரும்.

அறையில் தங்கியிருக்கும் தம்பி தங்கையரே, நான்கு பேராகச் சேர்ந்து வழக்கமாக வாங்கும் சாப்பாட்டுக் கடையில் கேளுங்கள்: 'அண்ணை, எங்கள் பார்சலில் கிழங்கைக் குறைத்து ஒரு கீரை போடுங்கோ' என்று. வாடிக்கையாளர் கேட்டால் கடைக்காரர் செய்வார். அடுப்பில்லாவிட்டாலும் கரட், வெள்ளரிக்காய், தக்காளி, கொய்யாப்பழம், பப்பாசிப்பழம் ஆகியவற்றுக்கு அடுப்பு வேண்டியதில்லை. நன்றாகக் கழுவி உண்ணுங்கள்.

அறை வாடகைக்குக் கொடுக்கும் வீட்டுக்காரருக்கு ஒரு வேண்டுகோள். ஒரு மின்னடுப்புக்கு இடம் கொடுங்கள்; மின்கட்டணத்தைப் பேசி வாங்கிக்கொள்ளுங்கள். அந்தப் பிள்ளைகளும் நம் பிள்ளைகளே.

கோயில்களும் தேவாலயங்களும் சங்கங்களும் அன்னதானமும் மதிய உணவும் கொடுக்கின்றன. அந்த இலையில் ஒரு கீரையும் ஒரு செம்மஞ்சள் மரக்கறியும் நிச்சயமாக இருக்கட்டும். அரிவதற்கு வாலிபர்கள் போகட்டும்.

அன்றாட உணவில் பெரிய மாற்றம் தேவையில்லை. காலையில் இலைக்கஞ்சி முடிந்தால் நல்லது. மதியம் வழக்கமான சோற்றோடு ஒரு வறை, வேறு நிறத்தில் ஒரு கறி. இரவு இடியப்பத்துக்கோ பிட்டுக்கோ வைக்கும் சொதியில் ஒரு பிடி முருங்கையிலையும் ஒரு தக்காளியும். பிட்டு மாவோடு கீரையைக் குழைத்து அவித்தால் பிள்ளைகளும் உண்பார்கள். அரிந்தபின் கழுவாதீர்கள், கழுவியபின் அரியுங்கள். தேசிக்காய்ப்புளியை அடுப்பிலிருந்து இறக்கியபின் விடுங்கள்.

எச்சரிக்கைகள்

நான்கு வகையினருக்குத் தனியாகச் சொல்லவேண்டும். இரத்தம் உறையாமலிருக்க வார்ஃபரின் எடுப்பவர்கள் கீரையைத் திடீரென்று கூட்டவும் கூடாது, திடீரென்று நிறுத்தவும் கூடாது. அளவு சீராக இருக்கட்டும், மருத்துவரிடம் சொல்லுங்கள். சிறுநீரக நோயாளருக்குப் பொட்டாசியம் கூடினால் ஆபத்து. மருத்துவர் சொன்ன அளவே உங்கள் அளவு. பச்சையாக உண்ணும் இலைகளைக் கர்ப்பிணிகள் இன்னும் கவனமாக, வேரை அரிந்து, பல தரம் ஓடும் நீரில் கழுவவேண்டும். நான்காவது, சைவ உணவு மட்டும் உண்ணும் பெரியவர்கள். மரக்கறி எவ்வளவு உண்டாலும் உயிர்ச்சத்து பி12 அதில் கிடையாது. அது குறைந்தால் களைப்பும் மறதியும் மனச்சோர்வும் வரும்; முதுமை என்று எண்ணி விட்டுவிடுவோம். நீரிழிவுக்கு மெட்ஃபோர்மின் எடுப்பவர்களுக்கு அது இன்னும் குறையலாம். ஓர் இரத்தப் பரிசோதனையில் தெரிந்துவிடும்.

இன்னொன்றையும் இந்த ஊரில் நின்று சொல்லாமல் போகமுடியாது. 1983 ஜூலையில் தமிழருக்கு எதிராக நடந்த வன்முறையை வெள்ளவத்தையில் கண்டவர்கள் இந்த அவையில் இருப்பீர்கள். 2019 ஏப்ரல் 21 அன்று, உயிர்த்த ஞாயிறு காலை, கொச்சிக்கடை அந்தோனியார் திருத்தலத்தில் குண்டு வெடித்ததன் துயரம் கொட்டாஞ்சேனை வீடுகளில் இன்னும் இருக்கிறது. அந்தத் துயரங்களுக்குக் கீரை மருந்தென்று சொன்னால் அது உங்களை அவமதிப்பதாகும். இரண்டு வாரத்துக்கு மேல் தூக்கமும் பசியும் கெட்டு, எதிலும் விருப்பமில்லாமல், வாழ்ந்து என்ன பயன் என்ற எண்ணம் வந்தால் அது மருத்துவ உதவி தேடவேண்டிய நிலை. 1926 என்ற இலக்கத்துக்கு எந்நேரமும் அழைக்கலாம். தேசிய மனநல நிறுவனத்தின் உதவிச் சேவை அது. மருந்து தந்தால் எடுங்கள். உணவு நன்றாக இருக்கிறதென்று மருந்தை நிறுத்தாதீர்கள். சிகிச்சைக்கு உணவு துணைநிற்கும், அதற்கு மாற்றாகாது.

அன்பானவர்களே, இந்த நகரம் நம்மைத் தனித்தனியாக உண்ணப் பழக்கிவிட்டது. தனித்தனியாக உண்ணும்போது மரக்கறிதான் முதலில் போகிறது, ஏனென்றால் அதற்குத்தான் கூடுதல் கை வேண்டும். ஆகவே என் வேண்டுகோள் ஒன்றுதான். நாளை முதல் நான் கீரை உண்பேன் என்று யாரும் சபதம் எடுக்கவேண்டாம். இந்த வாரம் இன்னொருவருக்காக ஒரு கட்டுக் கீரை ஆய்ந்து கொடுங்கள். உங்கள் மனைவிக்கு, தாய்க்கு, பக்கத்து வீட்டு ஐயாவுக்கு, மேல்மாடி அறையில் இருக்கும் பிள்ளைக்கு. இங்கிருக்கும் ஒவ்வொருவரும் அதைச் செய்தால், வெள்ளவத்தையிலும் கொட்டாஞ்சேனையிலும் அத்தனை தட்டுகளில் இந்த வாரமே ஒரு நிறம் கூடிவிடும். அது நம்மால் முடியும், அதைச் செய்வோம்.